உழைப்பாளர் சேமநிதியும் உழைப்பாளர் குடியிருப்பும்

காவிரி கடலோடு கலக்கும் பூம்புகாரில் 1960-களில் இந்தியத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது, கீழையூரில் செங்கல்லாற் கட்டிய படகுத்துறை ஒன்று வெளிப்பட்டது. வாணகிரியில் பழைய நீர்த்தேக்கமும், பல்லவனேச்சுரத்தில் புத்த விகாரத்தின் அடித்தளமும் கண்டறியப்பட்டன. காண்போர் வியக்கின்றனர். அச்செங்கல்லை அறுத்துச் சுட்டுச் சுமந்து அடுக்கியவர் எவ்விடத்தில் குடியிருந்தார் என்று கேட்டால் மண் விடை தருவதில்லை. களிமண்ணும் மூங்கிலும் கீற்றும் ஈராயிரம் ஆண்டு நிற்பவை அல்லவே! கட்டியவரின் வீடு நிலைக்காமற் போனது பண்டைக் காலத்து நிகழ்ச்சி மட்டுமன்று. நம் தஞ்சைத் தரணியில் அது நேற்று வரையில் நடந்த கதை. சில ஊர்களில் இன்றும் முடியாத கதை.

நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று கேட்கப்பட்டபோது, வீட்டைப் பற்றி எழுதுவதென்று முடிவு செய்தேன். உழைப்பாளி தன் முதுமைக்கென ஒதுக்கிவைத்த பணமே அவனுக்கு நகரத்தில் வீடாக மாறிய வரலாறும் உண்டு. மாறாமல் பிறர் கைக்குப் போன வரலாறும் உண்டு. இரண்டும் நம்மவர்க்கு வேண்டியவை. ஏனெனில் மேட்டூர் நீர் உரிய காலத்தில் வராத ஆண்டுகளில் நம் சேரியிலிருந்து பேருந்தேறிய இளைஞர்கள் சென்னையிலும் திருப்பூரிலும் கொத்தனாராகவும் கம்பி கட்டுபவராகவும் சித்தாளாகவும் நிற்கின்றனர். நகரத்தின் வீட்டுப் பிரச்சினை இப்போது நம் பிரச்சினையாகிவிட்டது.

முதலில் நம் மண்ணின் நிலையைச் சொல்ல வேண்டும். பண்ணையாளின் குடிசை மிராசுதாரின் மனைக்கட்டில் இருந்தது. கூலியில் அரைப்படி கூட்டிக் கேட்டவனை அடிக்க வேண்டிய தேவை கூட இல்லை. ‘மனையைக் காலி செய்’ என்ற ஒரு சொல் போதும். ஆங்கிலேயர் ஆட்சியின் பிற்பகுதியில், 1920-ஐ ஒட்டி, சென்னை மாகாணத்தில் தாழ்த்தப்பட்டோர் நலனுக்கென லேபர் துறை அமைந்தபோது, தஞ்சை மாவட்டத்தில் அத்துறை செய்த முதன்மையான பணிகளுள் ஒன்று குடிமனை வாங்கித் தருதல். ஆதிதிராவிடர் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்து, மனைக்குரிய தொகையைக் கடனாக அளித்து, அதனை உறுப்பினர் தவணையாகத் திருப்பிச் செலுத்துமாறு ஏற்பாடு செய்தனர். கூலியில் மிச்சம் பிடித்த அணாக்களாலும் நெல்லாலும் மனைக்கடன் கட்டிய குடும்பங்கள் நம் மாவட்டத்தில் இருந்தன. உழைப்பாளர் பலரின் சிறுசேமிப்பு ஒன்றுதிரண்டு குடியிருப்பாகும் முறைக்கு இதனை நம் நாட்டு முன்னோடி எனலாம். ஆயின் அது சிலருக்கே எட்டியது. எஞ்சியோர்க்கு 1961-ஆம் ஆண்டின் குடியிருப்பு வெளியேற்றத் தடைச் சட்டமும், அடிமனையை உடைமையாக்கிய 1971-ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டமும் வரும்வரை பாதுகாப்பில்லை. இவ்விரு சட்டங்களுக்கும் இடையில்தான், 1968 டிசம்பர் 25 இரவில், கீழவெண்மணியில் 44 உயிர்கள் ஒரு குடிசைக்குள் எரிந்தன என்பதை நம் பிள்ளைகள் ஆண்டுக் கணக்கோடு அறிந்திருத்தல் வேண்டும்.

வேலை தருபவன் நிலத்தில் வீடு இருக்குமாயின், வேலை போகும் நாளில் வீடும் போகும். இந்த விதியைக் கடல் கடந்து சென்ற நம்மவரும் கண்டனர். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியோருள் ஆதிதிராவிடர் தொகை பெரிது. மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு ‘லயம்’ என்று பெயர். 1950-களிலிருந்து ஆங்கிலக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கின. விற்ற தோட்டத்தில் வேலையும் இல்லை, லயமும் இல்லை. அப்போது அமைச்சராயிருந்த துன் வீ. தி. சம்பந்தன், தொழிலாளரிடமிருந்து சிறு தவணைகளில் பங்குப் பணம் திரட்டி 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். விற்பனைக்கு வந்த தோட்டத்தைப் பால்மரம் வெட்டும் தொழிலாளியே பங்குதாரராகி வாங்குவது என்பது அதன் கருத்து. அது நிலம் வாங்கும் முயற்சி. நகர வீடு கட்டும் முயற்சியன்று. எனினும், எழுத்தறியாத தொழிலாளியின் பத்து வெள்ளி ஒன்றுசேர்ந்தால் கம்பெனியின் எதிரே நின்று விலை பேச இயலும் என்பதை அது காட்டியது.

நகர வீட்டுக்கு நேரான சான்று சிங்கப்பூர். இதனைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறேன்.

சிங்கப்பூரில் ஆங்கிலேயர் காலத்திலேயே, 1955-இல், மத்திய சேமநிதிக் கழகம் செயற்படத் தொடங்கியது. தொழிலாளி சம்பளத்தில் நூற்றுக்கு 5, முதலாளி தம் பங்காக 5, ஆக 10 விழுக்காடு மாதந்தோறும் தொழிலாளியின் கணக்கில் சேரும். நோக்கம் முதுமைக் காலத்து உணவு. வீட்டைப் பற்றிய எண்ணம் அப்போது இல்லை. நகரமோ நெருக்கடியில் தவித்தது. கடைவீட்டு மாடிகளை அறை அறையாகத் தடுத்துக் குடும்பங்கள் அடைந்து கிடந்தன. புறத்தே அத்தாப்புக் கூரைக் குடிசைகள் பெருகின. நகராட்சியிலும் துறைமுகத்திலும் செம்பவாங் கடற்படைத் தளத்திலும் உழைத்த தமிழர் பலர் வேலையிடத்தார் அளித்த குடியிருப்புகளிலேயே இருந்தனர். 1968-இல் பிரிட்டிஷ் படை விலகப்போவதாக அறிவிக்கப்பட்டபோது, தளத்து வேலையோடு குடியிருப்பும் கைநழுவும் நிலை அவர்களுக்கு நேர்ந்தது. நம் மனைக்கட்டுக் கதையே அங்கு ஆங்கில உடையில் நிகழ்ந்தது!

1960 பிப்ரவரியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைந்தது. அதற்கு முன்பிருந்த நகர மேம்பாட்டு அமைப்பு முப்பத்திரண்டு ஆண்டுகளில் சுமார் 23,000 வீடுகளே கட்டியிருந்தது. புதிய கழகம் முதல் ஐந்தாண்டுகளில் 50,000-க்கு மேல் கட்டி முடித்தது. 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதியில் பற்றிய தீ ஏறத்தாழ 16,000 மக்களை வீடற்றோராக்கியது. அவ்விடத்திலேயே விரைவில் அடுக்குமாடிகள் எழுந்தன. 1964-இல் வாடகைக்கு மட்டுமன்றி, சொந்தமாக வாங்கும் திட்டமும் அறிவிக்கப்பட்டது. ஆனால் வாங்க வந்தோர் சிலரே. முன்பணம் கட்டத் தொழிலாளி கையில் ரொக்கம் ஏது? அவன் சேமிப்பெல்லாம் சேமநிதியில் பூட்டிக் கிடந்தது.

பூட்டு 1968-இல் திறக்கப்பட்டது. சேமநிதிப் பணத்தை அரசு வீட்டின் முன்பணத்துக்கும் மாதத் தவணைக்கும் பயன்படுத்தலாம் என்று விதி செய்தனர். தவணை நேரே நிதிக் கணக்கிலிருந்து கழிந்ததால் சமையலறைக்கு வரும் சம்பளம் குறையவில்லை. துறைமுகத் தொழிலாளியும் வீட்டுக்காரன் ஆனான். ஒரு கையால் இது நடக்க, மறு கையால் இன்னொன்றும் நடந்தது. உறுப்பினர் அனைவரின் சேமநிதித் தொகையும் அரசுக் கடன் பத்திரங்களில் முதலீடாகும்; அரசு வீடமைப்புக் கழகத்துக்குக் கடன் கொடுக்கும். உழைப்பாளியின் சேமிப்பு கட்டுமானத்துக்கு மூலதனமாகப் போய், வாங்குபவனுக்கு முன்பணமாகவும் திரும்பி வந்தது. 1966-ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டத்தால் நிலம் மலிவாகக் கிடைத்தது என்பதையும் மறத்தலாகாது. நிலம் மலியாத இடத்தில் எந்த நிதியும் வீடாகாது. 1960-இல் பத்தில் ஒருவர் கூட அரசு வீடுகளில் இல்லாத ஊரில் 1985 அளவில் பத்தில் எண்மர் அவ்வீடுகளில் வாழ்ந்தனர்.

இதனைப் பொற்காலமாக எழுதிவிட்டுப் போக என் மனம் ஒப்பவில்லை. 1984-இல் சேமநிதிப் பிடித்தம் தொழிலாளிக்கு 25, முதலாளிக்கு 25 என உயர்ந்து, சம்பளத்தின் பாதிக்கு நிகராயிற்று. வீட்டில் அடைந்த பணம் முதுமையில் சோறாக மாறாமல் நின்ற குடும்பங்கள் உண்டு. வீடும் 99 ஆண்டுக் குத்தகையே. மற்றொன்று நம்மை நேரே தொடுவது. இன்று அந்நகரத்தின் அடுக்குமாடிகளைக் கட்டுவோரில் பெருந்தொகையினர் வெளிநாட்டுத் தொழிலாளர். நம் காவிரிப் படுகையிலிருந்தும் அண்டை மாவட்டங்களிலிருந்தும் சென்ற இளைஞர்கள் அவர்களுள் உண்டு. வேலை அனுமதிச் சீட்டில் சென்றோர்க்குச் சேமநிதியும் இல்லை, அவ்வீடுகளை வாங்கும் உரிமையும் இல்லை. 2020 ஏப்ரலில் அவர்கள் தங்கியிருந்த பொது விடுதிகளில் கொரோனா நோய் காட்டுத் தீயாகப் பரவியபோதுதான், ஒரே அறையில் எத்தனை பேர் படுத்திருந்தனர் என்பதை உலகம் கண்டது. நிதிக்குள் இருப்பவனுக்கு வீடு. நிதிக்குப் புறத்தே நிற்பவனுக்கு விடுதிப் படுக்கை.

நம் நாட்டில் இக்கருத்தின் வேர் எங்கே இருக்கிறது? நம்மவர் பெருமையோடு அறிய வேண்டிய செய்தி இது. அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். 1943 டிசம்பரில் தன்பாத் நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்குச் சென்று நிலத்தடியில் இறங்கிப் பார்த்தார். தொழிலாளர் குடியிருப்புகளையும் பார்வையிட்டார். அடுத்த ஆண்டு, 1944-இல், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நல நிதி அவசரச் சட்டம் பிறந்தது. சுரங்கத்திலிருந்து வெளியேறும் நிலக்கரியின் மீது தீர்வை விதித்து, அதனைத் தொழிலாளர் நலனுக்கெனத் தனியே வைக்கும் ஏற்பாடு அது. 1947-இல் அது முழுச் சட்டமானபோது வீட்டு வசதிக்கென்றே தனிக் கணக்கு வகுக்கப்பட்டது. அண்ணலை அரசியல் சட்ட மேதையாக மட்டுமே படத்தில் மாட்டி வைத்திருக்கிறோம்; தொழிலாளியின் வியர்வையால் வெளிவரும் பொருளிலிருந்தே அவன் கூரைக்குப் பணம் ஒதுக்கும் முறைக்குத் துணை நின்றவர் என்பதையும் வகுப்பறையில் சொல்ல வேண்டும்.

விடுதலைக்குப் பின் 1952-இல் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் வந்தது. சிமெண்டு, சிகரெட், பொறியியல், இரும்பு எஃகு, காகிதம், நெசவு ஆகிய ஆறு தொழில்களில் அது தொடங்கியது. அதே ஆண்டு ஆலைத் தொழிலாளர்க்கு மானிய வீட்டுத் திட்டமும் வந்தது. இரண்டும் நல்லவையே. இரண்டிலும் நாற்று நடுபவளுக்கு இடமில்லை. வைப்பு நிதியில் சேர நிரந்தர வேலையும் சம்பளப் பட்டியலும் வேண்டும். பண்ணையாளுக்குக் களத்துமேட்டு அளவைதான் சம்பளப் பட்டியல். தமிழ்நாட்டில் 1962-இல் முதியோர்க்கு மாதம் 20 ரூபாய் உதவியும், 1981-இல் ஆதரவற்ற விவசாயத் தொழிலாளர்க்கு ஓய்வூதியமும் ஏற்பட்டன. அவை பசி தீர்த்த அறச் செயல்கள், ஐயமில்லை. ஆயினும் ஆண்டுதோறும் அரசு வழங்கிச் செலவாகும் பணம் ஒரு நிதியாகத் திரள்வதில்லை. அதைக் காட்டி வீடு கேட்கவும் முடியாது.

வைப்பு நிதியின் அருமையை நான் என் வாழ்விலேயே கண்டேன். என் தந்தையார் நாற்பது ஆண்டுகள் வயலில் உழைத்தார். அவர் பெயரில் ஒரு காசும் எங்கும் சேரவில்லை. நான் அரசுப் பள்ளியில் ஆசிரியனாகிச் சில ஆண்டுகளில் பொது வருங்கால வைப்பு நிதியிலிருந்து பணம் எடுத்து எங்கள் தெருவில் ஒரு தளம் போட்ட வீடு கட்டினேன். தந்தையைவிட நான் மிகுதியாக உழைத்தேனல்லேன். மாதாமாதம் என் சம்பளத்தில் பிடித்து வைக்கும் கை ஒன்று இருந்தது. அவருக்கு அது இல்லை.

ஆலைத் தொழிலாளர் நிதியிலும் வீட்டுக்காகப் பணம் எடுக்க வழி இருந்தது. 2017-இல் பத்துப் பேருக்குக் குறையாத உறுப்பினர் கூடி வீட்டுச் சங்கம் அமைத்தால், தம் கணக்கில் நூற்றுக்கு 90 வரை எடுக்கலாம் என விதி தளர்த்தப்பட்டது. ஆனால் அவ்வாறு எடுப்பது தன் பணத்தைத் தானே எடுப்பது. திரண்டு கிடந்த பெருநிதியோ பெரும்பாலும் அரசுப் பத்திரங்களுக்கும் பொதுத்துறைப் பத்திரங்களுக்கும் சென்றது. அங்கிருந்து உழைப்பாளர் குடியிருப்புக்கு நேரான வாய்க்கால் வெட்டப்படவில்லை. அமெரிக்காவில் தொழிற்சங்கங்கள் அவ்வாய்க்காலை வெட்டின. அங்கே சங்கங்களின் பேரவை 1965-இல் தொடங்கிய அடமான முதலீட்டு நிதி 1984 முதல் வீட்டு முதலீட்டு அறக்கட்டளையாகச் செயற்படுகிறது. சங்கங்களின் ஓய்வூதியப் பணத்தை அரசுப் பொறுப்புள்ள வீட்டுக் கடன்களில் இடுவர். அப்பணத்தால் எழும் கட்டடத்தில் சங்கத் தொழிலாளர்க்கே வேலை தரவேண்டும் என்பது நிபந்தனை. முதுமைக்குப் பணம், இன்றைக்கு வேலை, ஏழைக்கு வீடு என மூன்றையும் ஒரே ரூபாய் செய்யக்கூடும் என்பது அவர்கள் கணக்கு.

‘அரசுப் பொறுப்புள்ள’ என்ற அடைமொழியை நான் வீணே சேர்க்கவில்லை. உத்தரப் பிரதேச மின்வாரிய ஊழியரின் வைப்பு நிதியை நிருவகித்தோர் 2017 முதல் 4,000 கோடி ரூபாய்க்கு மேல் ஒரு தனியார் வீட்டு நிதி நிறுவனத்தில் போட்டனர். டி.எச்.எஃப்.எல். என்பது அதன் பெயர். வீட்டுக்குக் கடன் கொடுக்கும் நிறுவனந்தானே என்று கேட்டால் கேட்கவும் இனிமையாகவே இருந்தது. 2019-இல் அது நொடித்தபோது 2,200 கோடிக்கு மேல் சிக்கிக்கொண்டது. ஊழியர் வேலைநிறுத்தம் செய்தனர். மாநில அரசு பொறுப்பேற்க வேண்டியதாயிற்று. பணம் யாருடையதோ அவரைக் கேளாமல் முதலீடு செய்தார்கள். வீடு என்ற நற்பெயரைக் கண்டே மயங்கலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இனி நம்மவர்க்கு உரிய நிதியைப் பார்ப்போம். கட்டுமானத் தொழிலாளர்க்கு மேஸ்திரி மாறுவார், ஊர் மாறும், முதலாளி யார் என்பதே தெரியாது. ஆகவே தனி முதலாளியைத் தேடாமல், கட்டடத்தின் மீதே தீர்வை விதித்து நிதி திரட்டலாம் என்ற கருத்துக்குத் தமிழ்நாட்டுக் கட்டடத் தொழிலாளர் சங்கங்கள் முன்னின்று போராடின, நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் அகில இந்தியப் பிரசாரக் குழுவும் அமைந்தது. தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் 1994-இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் வந்தது. நடுவண் அரசு 1996-இல் இரு சட்டங்களை இயற்றிக் கட்டுமானச் செலவில் நூற்றுக்கு 1 என்ற அளவில் தீர்வைக்கு வழி செய்தது. நிலக்கரி மீது 1944-இல் செய்ததைச் செங்கல் மீது செய்ய ஐம்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின.

பணம் சேர்ந்தது. செலவாகவில்லை. 2018 மார்ச் 19 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதனைப் பதிவு செய்துள்ளது. நாடு முழுவதும் 37,400 கோடி ரூபாய்க்கு மேல் திரண்டிருக்க, தொழிலாளர்க்கெனச் செலவானது சுமார் 9,500 கோடியே. செலவிலும் துணி துவைக்கும் இயந்திரமும் மடிக்கணினியும் வாங்கிய கணக்குகள் நீதிபதிகளை வியப்பில் ஆழ்த்தின. நகரத்து வீடுகளை எழுப்பிய கைகளுக்கு உரிய பணம் வங்கியில் உறங்க, அக்கைகளுக்குரியோர் பாலத்தடியிலும் பணியிடத்துத் தகரக் கொட்டகையிலும் உறங்கினர்.

தமிழ்நாட்டில் 2021-இல் ஒரு நல்ல திருப்பம் நேர்ந்தது. பதிவு பெற்ற கட்டுமானத் தொழிலாளர்க்கு வாரிய நிதியிலிருந்தே வீட்டுக்கு 4 லட்சம் ரூபாய் வரை உதவி என்றும், ஆண்டுக்கு 10,000 பேர்க்கு என்றும் அறிவிக்கப்பட்டது. சொந்த மனையில் தாமே கட்டிக்கொள்ளலாம். அல்லது அதே ஆண்டில் குடிசை மாற்று வாரியம் என்ற பெயர் நீங்கி வந்த நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் குடியிருப்பைப் பெறலாம். உழைப்பாளர் நிதி உழைப்பாளர் வீட்டுக்குச் செல்லும் நேர் வாய்க்கால் தமிழகத்தில் வெட்டப்பட்டது என்றே இதனைக் கொள்கிறேன்.

வாய்க்கால் வெட்டியபின் மடையைப் பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் பள்ளி திறந்த சில வாரங்களில் பெற்றோர் சிலர் என் அறைக்கு வருவர். வாரியத்தின் கல்வி உதவிக்காகப் பிள்ளை படிப்பதற்குச் சான்று கேட்பர். கையெழுத்திடுமுன் வாரிய அட்டையைப் பார்ப்பது என் வழக்கம். பாதிப் பேர் அட்டையில் புதுப்பிக்கும் தேதி கடந்திருக்கும். புதுப்பித்தவரிடம் வீட்டு உதவிக்கு மனுச் செய்தீர்களா என்று கேட்டால், ‘மனை தாத்தா பேரிலேயே கிடக்குங்க ஐயா’ என்பார் ஒருவர். ‘பட்டாவே இல்லைங்களே’ என்பார் மற்றொருவர். 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி அடிமனை தாத்தாவுக்கு உரியதாகியும், ஆவணம் பேரனுக்கு மாறாமையால் 4 லட்சம் எட்டாமல் நிற்கிறது. நம் கழகத்தின் மாலை வகுப்பு நடக்கும் கூடத்தில் ஞாயிறு முற்பகல் இடம் ஓய்ந்திருக்கிறது. பட்டா மாற்றத்துக்கும் அட்டை புதுப்பித்தலுக்கும் மனு எழுதித் தர அவ்வேளையில் இரு மேசைகள் போடலாமென்று செயற்குழுவிடம் கேட்டுள்ளேன். ஒரு மேசையில் நான் அமர்கிறேன்.